மூலம் என்று யார் சொன்னது? வீட்டு வைத்தியம் பற்றிச் சில குறிப்புகள்

தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் தினமும் போய்வருபவர்களுக்கு அந்தத் துண்டு நோட்டீஸ்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கதவுக்குப் பக்கத்தில், ஜன்னலுக்கு மேலே, சில சமயம் மின்விசிறிக்குக் கீழே கூட ஒட்டியிருப்பார்கள். மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லை, வலி இல்லை, ஒரு போன் நம்பர். பத்து வருஷமாக நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யாரும் அதைப் படிப்பதுபோல் காட்டிக்கொள்வதில்லை. ஆனால் யாரோ கூப்பிடுகிறார்கள், இல்லாவிட்டால் இத்தனை வருஷம் அச்சடித்துக்கொண்டு இருக்க மாட்டார்கள்.

இந்த விஷயத்தைத் தோண்டிப் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் என் சித்தப்பா. சேலையூரில் இருக்கிறார், ரிட்டையர் ஆனவர். போன வருஷம் ஒருநாள் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறும்போது பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மூச்சு வாங்குகிறது. "வயசாயிடுச்சுடா" என்றார். முகம் வெளுத்திருந்தது. வற்புறுத்தி ரத்தப் பரிசோதனை செய்தபோது ஹீமோகுளோபின் 6.4. ஆண்களுக்கு 13-க்குக் குறைந்தாலே ரத்தசோகை என்பார்கள்.

அப்புறம்தான் மெதுவாக வெளியே வந்தது. எட்டு மாசமாக மலம் போகும்போது ரத்தம் போயிருக்கிறது.

"ஏன் சித்தப்பா சொல்லல?"

"மூலம்தான்டா. உங்க சித்தி துத்திக்கீரை வதக்கிக் குடுக்கிறா. எங்கப்பாவுக்கும் இருந்துச்சு. அதையெல்லாம் போய் டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டு..."

பிறகு கொலனோஸ்கோபி எல்லாம் செய்து பார்த்ததில் நாங்கள் பயந்த நோய் இல்லை. மூலமேதான், இரண்டாம் நிலை. சித்தப்பா சொன்னது சரி என்றே ஆகிவிட்டது. ஆனால் அதைச் சொன்னபோது அவருக்கு அது தெரியாது. நான் எழுத நினைப்பது இந்த இடைவெளியைப் பற்றித்தான். துத்திக்கீரை அவருக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. கெடுதல் செய்தது, யாரும் பார்க்காமலே "மூலம்தான்" என்று முடிவு கட்டிக்கொண்டது.

முதலில் கணக்கு. ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி போனால் 2.5 மில்லிகிராம் இரும்பு போச்சு. நாம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து குடல் ஒரு நாளைக்கு உறிஞ்சிக்கொள்வது சாதாரணமாக 1 முதல் 2 மில்லிகிராம். தினம் ஒரு டீஸ்பூன் என்றால் வரவைவிடச் செலவு அதிகம். சேமிப்பு கரையச் சில மாசங்கள் ஆகும், அதுவரை ஒன்றும் தெரியாது. அதன்பிறகு மூச்சு வாங்கும், அதற்கு நாம் "வயசு" என்று பெயர் வைப்போம்.

சரி, மூலம் என்பது என்ன? நோய் வந்து புதிதாக முளைக்கும் சதை என்று நினைக்கிறோம். அப்படியில்லை. ஆசனவாயின் உட்புறத்தில் ரத்த நாளங்களும் மெல்லிய தசையும் சேர்ந்த மூன்று மெத்தைகள் எல்லோருக்கும் பிறவியிலேயே உண்டு. காற்றும் நீரும் கசியாமல் வாயை இறுக்கமாக மூட அவை உதவுகின்றன. 1975-இல் தாம்சன் என்ற பிரிட்டிஷ் அறுவை சிகிச்சையாளர் இதை விளக்கினார். இந்த மெத்தைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் திசு தளர்ந்து, அவை கீழே சரிந்து வீங்குவதைத்தான் மூலம் என்கிறோம். முக்கி முக்கிப் போவது, நெடுநேரம் உட்கார்ந்திருப்பது, கர்ப்பம், வயது எல்லாம் சேர்ந்து தளர்த்துகின்றன. உள்மூலம் இருக்கும் இடத்தில் வலி நரம்புகள் இல்லாததால், சாதாரணமாக அதில் வலி இருக்காது. பளிச்சென்ற சிவப்பு ரத்தம் சொட்டும், அவ்வளவுதான்.

இங்கேதான் நம் ஊர்ப் பேச்சு குழப்புகிறது. அந்த இடத்தில் எது வந்தாலும் நமக்கு மூலம்தான். மலம் போகும்போது கண்ணாடித் துண்டால் அறுத்ததுபோல் வலித்து, பிறகும் ஒரு மணி நேரம் எரிகிறது என்றால் அது பெரும்பாலும் வெடிப்பு. திடீரென்று ஒரே நாளில் நீலநிறத்தில் கல் மாதிரி வீங்கி உட்கார முடியவில்லை என்றால் வெளிமூலத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். முதல் இரண்டு மூன்று நாளுக்குள் டாக்டரிடம் போனால் அதைச் சின்னதாகக் கீறி எடுத்து வலியைக் குறைக்க முடியும். சீழ் கசிந்து கசிந்து ஆறாமல் இருந்தால் அது பவுத்திரம், எந்தக் கீரைக்கும் அடங்காது. காய்ச்சலோடு விண் விண்ணென்று தெறித்தால் சீழ்க்கட்டி, அதுவும் சர்க்கரை உள்ளவர்களுக்கு என்றால் அன்று இரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய சமாச்சாரம். கடைசியாக, பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய். அதுவும் முதலில் ரத்தமாக எட்டிப் பார்க்கலாம்.

சித்த மருத்துவம் இந்த வேறுபாட்டை அறியாததல்ல என்பது எனக்குச் சுவாரசியமாக இருந்தது. யூகி முனிவர் பெயரால் வழங்கும் நூல் மூலத்தை 21 வகையாகப் பிரிக்கிறது. இன்றைய பிரிவுகளோடு அவை ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஆனால் "எல்லாம் ஒன்றுதான், ஒரே மருந்துதான்" என்று பழைய வைத்தியர் நினைக்கவில்லை. அப்படி நினைப்பது ரயில் நோட்டீஸ்தான்.

அந்த நோட்டீஸ் ஒட்டிய ரயிலிலேயே தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷனில் இறங்கினால் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சானடோரியம் என்ற பெயர் காசநோயிலிருந்து வந்தது. 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை அந்தப் பகுதிக்கே பெயராகிவிட்டது. சித்த நிறுவனம் 2005-இல் திறக்கப்பட்டது. அதோடு சேர்ந்த மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர். அவரை இதழாளராக, பௌத்தராக அறிந்தவர்களுக்கு அவர் சித்த வைத்தியரும்தான் என்பது சட்டென்று நினைவுக்கு வராது. சித்தம்தான் வேண்டும் என்பவர்களுக்கு என் யோசனை, போன் நம்பர் மட்டும் போட்ட நோட்டீஸை விட்டுவிட்டுப் படித்துப் பட்டம் பெற்ற மருத்துவர் உட்கார்ந்திருக்கும் இப்படி ஓர் இடத்துக்குப் போகலாம். காரநூல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கள்ளிப்பால், நாயுருவிச் சாம்பலின் காரம், மஞ்சள் தடவிய நூலைக் கட்டி அறுக்கும் முறை. ஆயுர்வேதத்தில் க்ஷாரசூத்திரம் என்பார்கள். பவுத்திரத்துக்கு அது எப்படி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மையங்களில் அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டுச் சோதித்து 1991-இல் வெளியிட்டது. ஆற அதிக நாள் பிடித்தது, ஆனால் திரும்ப வருவது குறைவாக இருந்தது. இதைப் பயிற்சி உள்ளவர் செய்தால் மருத்துவம். லாட்ஜ் ரூமில் இன்னதென்று தெரியாத ஊசியையும் களிம்பையும் வைத்து ஒருவர் செய்வதை அதோடு சேர்க்க முடியாது.

இனி வீட்டு வைத்தியம். பார்த்தாகிவிட்டது, மூலம்தான், முதல் அல்லது இரண்டாம் நிலை என்று ஒருவர் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு வீட்டில் செய்வதுதான் பாதிக்கு மேல் சிகிச்சை. இதை நான் சமாதானத்துக்குச் சொல்லவில்லை. 2005-இல் காக்ரேன் அமைப்பு ஏழு ஆய்வுகளை, மொத்தம் 378 பேரை, சேர்த்துப் பார்த்தது. நார்ச்சத்து எடுத்துக்கொண்டவர்களில் ரத்தம் வருவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. அதில் பல ஆய்வுகளில் கொடுத்தது நம் மருந்துக்கடையில் கிடைக்கும் இசப்கோல்தான். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைகிற ஒரு விதையின் உமி.

இசப்கோலை எடுக்கும் விதத்தில்தான் தப்பு நடக்கிறது. ஒரு டீஸ்பூனில் ஆரம்பிக்கணும். பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து, கெட்டியாவதற்குள் குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர். கொஞ்சம் தண்ணீரில் கூழாக விழுங்கினால் தொண்டையிலேயே வீங்கி அடைத்துக்கொள்ளும், விழுங்கச் சிரமப்படும் வயதானவர்களுக்கு இது கொடுக்கவே கூடாது. முதல் வாரம் வயிறு உப்பும், பயப்பட வேண்டாம். தைராய்டு மாத்திரை போன்றவை சாப்பிடுபவர்கள் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடணும். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். "மூணு நாள் குடிச்சேன், ஒண்ணும் இல்ல" என்பவர்கள் மூன்று நாள்தான் குடித்திருப்பார்கள்.

சாப்பாட்டில் என்றால், வெள்ளை அரிசி 100 கிராமில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. கொய்யா 100 கிராமில் சுமார் 8 கிராம். ஒரு நாளைக்கு 25-30 கிராமாவது வேண்டும். இட்லி, சாதம், மறுபடி தோசை என்று ஓடும் வீட்டில் இது எங்கிருந்து வரும்? சுண்டல், கீரை, அவரை, வாழைப்பூ, வாழைத்தண்டு. சீசனில் கொய்யா.

துத்திக்கீரைக்கு வருவோம். இதய வடிவில், வெல்வெட் மாதிரி மெத்தென்ற இலை, மஞ்சள் பூ, பல்சக்கரம் போன்ற காய். முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கம் காலி மனைகளில் தானாகவே வளர்ந்து கிடக்கும். சின்ன வெங்காயத்தோடு விளக்கெண்ணெயில் வதக்கிச் சோற்றில் பிசைந்து சாப்பிடுவது நம் வழக்கம். மூலத்தைத் தனியாகக் குணப்படுத்தும் பொருள் அதில் இருக்கிறது என்பதற்கு மனிதர்களிடம் நடந்த நல்ல ஆய்வு எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் அது கீரை, கூடவே விளக்கெண்ணெய், மலம் இளகும். அந்த அளவில் சித்தியின் கைவைத்தியத்தோடு எனக்குச் சண்டை இல்லை. சாக்கடை ஓரத்திலும் ஜிஎஸ்டி ரோட்டுப் புகையிலும் வளர்ந்ததைப் பறிக்காமல் இருந்தால் சரி. ஒரு விதிவிலக்கு: இதய நோய்க்காக வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் திடீரென்று தினமும் கீரை என்று ஆரம்பிக்கக் கூடாது. கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும்.

கருணைக்கிழங்கும் பிரண்டையும் நாக்கை அரிப்பதற்குக் காரணம் ஆக்சலேட் படிகங்கள். நன்றாக வேகவைத்துப் புளி சேர்த்துச் சாப்பிடுகிற பாட்டி முறைதான் சரி. பச்சையாக அரைத்துக் குடிக்கச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் தினமும் சாப்பிட வேண்டிய கிழங்கு அல்ல இது.

கடுக்காய்ப் பொடியும் நிலாவாரையும் மலமிளக்கி வகை. திருநெல்வேலிப் பக்கம் விளையும் நிலாவாரை இலை வெளிநாட்டில் சென்னா என்ற பெயரில் மாத்திரையாகவே விற்கிறது. நிஜமாகவே வேலை செய்யும் மருந்து என்பதால்தான் அளவு முக்கியம். ஓரிரு நாள் எடுத்து நிறுத்திவிடலாம். மாதக்கணக்கில் எடுத்தால் பேதி, வயிற்றுப் பிடிப்பு, உடம்பில் பொட்டாசியம் குறைவது என்று போகும். பேதியும் மூலத்துக்கு நல்லதல்ல. கர்ப்பிணிகள் இரண்டையுமே, விளக்கெண்ணெயையும் சேர்த்து, டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். கர்ப்ப காலத்தில் மூலம் வருவது சகஜம், இசப்கோலும் தண்ணீரும் பெரும்பாலும் போதும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காருவது: அகலமான பிளாஸ்டிக் டப், 10-15 நிமிஷம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. ஆதாரத்தைத் தேடினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஆனால் தசை தளர்ந்து வலிக்கு இதமாக இருக்கிறது, செலவில்லை, அதனால் நானும் சிபாரிசு செய்வேன். உப்பு, டெட்டால், பொட்டாசியம் பர்மாங்கனேட் எதுவும் வேண்டாம். சூடு முழங்கையில் பட்டுப் பார்க்கும் அளவுதான். சர்க்கரையால் உணர்ச்சி மரத்தவர்கள் வெந்துபோனதே தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு வேறொருவர் கைவைத்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வீக்கத்துக்குத் துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிஷம். கழுவித் துடைத்தபின் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின் தடவலாம். மருந்துக்கடைக் களிம்பில் ஸ்டீராய்டு இருந்தால் ஒரு வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது, தோல் மெலிந்துவிடும். சுண்ணாம்பு, எருக்கம்பால், பூண்டுப் பல் இதையெல்லாம் அங்கே வைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் அவரவர் உதட்டில் தடவிப் பார்க்கட்டும்.

பெயரில்லாத சூரணம், பஸ்பம் பற்றி ஒரு வார்த்தை. 2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இருந்தன. லைசென்ஸ் எண், தயாரித்த தேதி, முகவரி இல்லாத பொட்டலம் எதுவானாலும் என் வீட்டுக்குள் வராது. நம் நாட்டு மருந்து விதிகளில் ஷெட்யூல் ஜே என்று ஒரு பட்டியல் உண்டு. இன்னின்ன நோய்களைக் குணப்படுத்தும் என்று மருந்து எதுவும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற பட்டியல். அதில் மூலமும் பவுத்திரமும் சேர்ந்தே இருக்கின்றன. ரயிலில் ஒட்டுகிறவர் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

கோழி சூடு, மிளகாய் மூலத்தைக் கிளப்பும் என்பார்களே? கோழியில் நார்ச்சத்து சுத்தமாகக் கிடையாது. பிரியாணி மட்டுமே ஒரு வேளைச் சாப்பாடு என்றால் மறுநாள் முக்க வேண்டியிருப்பதில் ஆச்சரியமில்லை, அதற்குச் சூட்டைக் கூப்பிட வேண்டாம். மிளகாயை இத்தாலிக்காரர்கள் சோதித்தார்கள். 2006-இல் வெளியான ஆய்வு. மூலம் உள்ள 50 பேருக்கு ஒருமுறை மிளகாய்த்தூள் மாத்திரை, இன்னொருமுறை வெறும் மாத்திரை. வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஆசனவாய் வெடிப்பு உள்ளவர்களுக்கு மிளகாய் வலியைக் கூட்டுகிறது என்று நம் நாட்டு ஆய்வே சொல்கிறது. மறுபடியும் பாருங்கள், எது உங்களுக்கு இருக்கிறது என்று தெரிந்தால்தான் மிளகாயைப் பற்றிக்கூட முடிவெடுக்க முடியும்.

மலத்தை அடக்குவது தனிக் கதை. சானடோரியத்தில் மெப்ஸ் கம்பெனிகளுக்கு ஷிப்டுக்குப் போகும் பெண்கள், கேப் ஓட்டுபவர்கள், துணிக்கடையில் நாள் முழுக்க நிற்பவர்கள். கழிப்பறை சுத்தமாக இருக்காது, போக விடமாட்டார்கள், அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. இவர்களிடம் போய் "மூன்று லிட்டர் தண்ணீர் குடிங்க" என்று எழுதுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. காலையில் எழுந்ததும் சூடாக ஏதாவது குடித்தால் குடல் தானே அசையும். அந்தப் பதினைந்து நிமிஷத்தை வீட்டிலேயே ஒதுக்கிக்கொள்வது ஒன்றுதான் ஓரளவு நடக்கக்கூடிய வழி.

டாக்டரிடம் எப்போது போகணும்? ரத்தம் முதல் தடவை வந்தபோதே ஒருமுறை. அதன்பிறகு, 45 வயதைத் தாண்டியவர், குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருந்தவர், எடை குறைந்தவர், மலப்பழக்கம் சில வாரமாக மாறியவர், ரத்தம் மலத்தோடு கலந்தோ கறுப்பாகவோ வருபவர் இவர்கள் வீட்டு வைத்தியத்தைச் சோதித்துக்கொண்டு நாள் கடத்தக் கூடாது. (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.) ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் சாப்பிடுபவர்கள் ரத்தத்தைப் பார்த்துப் பயந்து தாங்களாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, அது இதற்கும் மேலான ஆபத்து.

என்ன செய்வார்கள் என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். கையுறை போட்ட விரலால் ஒரு பரிசோதனை, பிறகு ப்ராக்டோஸ்கோப் என்ற சின்னக் குழாய். சில நிமிஷம். பெண்கள் லேடி டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம், கேட்பதில் தப்பில்லை. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் சர்ஜரி ஓபி. "மோஷன் போகும்போது ரத்தம் வருது" என்று சொன்னால் போதும், அதற்குமேல் வார்த்தை தேட வேண்டாம்.

சித்தப்பாவுக்கு ரப்பர் வளையம் போட்டார்கள். மயக்க மருந்து இல்லை, அன்றே வீட்டுக்கு வந்துவிட்டார், இரண்டு நாள் கனமாக இருந்தது என்றார். இரும்பு மாத்திரை நான்கு மாசம். இப்போது ஹீமோகுளோபின் 12.8, மேம்பாலத்தில் எனக்கு முன்னால் ஏறுகிறார். ராத்திரி இசப்கோல், வாரம் இரண்டு நாள் துத்தி, சித்தி விடுவதாயில்லை. பாக்கியிருக்கும் தகராறு ஒன்றுதான். 2025-இல் பாஸ்டனில் 125 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வில், கழிப்பறைக்குள் போனோடு போகிறவர்களுக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு 46 சதவீதம் அதிகம் என்று வந்தது. சின்ன ஆய்வுதான், போன்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, ஆனாலும் நெடுநேரம் உட்கார வைக்கிறது இல்லையா? போனை வெளியே வைத்துவிட்டுப் போங்க சித்தப்பா என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். முன்னெல்லாம் தினத்தந்தி கொண்டுபோவேனே, அப்போ யாரும் ஒண்ணும் சொல்லலையே என்கிறார்.